மலர் அக்காவின் கொக்கிகள்

மலேசியாவின் ஜோகூர் மாநிலத்தில், செனாயில் மின்மாற்றிகளுக்குச் செப்புக் கம்பி சுற்றும் தொழிற்சாலை ஒன்று இருந்தது. ரூபேந்திரன் தான் பிறந்த ரெங்கத்துச் செம்பனை எண்ணெய்த் தோட்டத்தை விட்டு வெளியே வந்ததும் சேர்ந்த முதல் வேலை அங்கேதான். கம்பியைச் சுற்றுவது இயந்திரம். சுற்றி முடித்த கம்பியின் முனையை இழுத்து, மடக்கி, பிரியாமல் முடிந்துவிடுவது மட்டும் கைவேலை. அந்த முனை வேலையை அவன் இளமை முழுக்கச் செய்தான். பக்கத்து மேசைக்காரர்கள் பேசிக்கொண்டே முடிவார்கள். அவன் பேசாமல் முடிவான்.

பேச்சு அவனுக்கு வராது. கூச்சம் என்று சொல்லிவிடலாம். ஆனால் கூச்சக்காரர்கள்கூட வீட்டில் பேசுவார்கள். இரண்டு இடத்தில் பெண் பார்த்தார்கள். இரண்டாவது இடத்தில் பெண்ணே முன்வந்து, "உங்களுக்கு என்ன பிடிக்கும்?" என்று கேட்டாள். அவன் பதிலை யோசித்து முடிப்பதற்குள் காப்பி வந்துவிட்டது. தரகர் வழியெல்லாம் புலம்பினார். அதற்குப் பிறகு யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அம்மா அப்பா அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். தங்கை மலரும் அவனும் ஸ்கூடாயில் ஓர் அடுக்குமாடி வீட்டின் மூன்றாம் தளத்தில் வாடகைக்கு இருந்தார்கள்.

தொழிற்சாலை வியட்நாமுக்குப் போனது. அவனுக்கு அப்போது வயது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. வேறு வேலை தேடலாம் என்று இருந்தவனை கொரோனாக் கால நடமாட்டக் கட்டுப்பாடு வீட்டோடு உட்கார வைத்தது. கிளினிக்கில் பதிவு மேசையில் இருந்த மலருக்குப் பாதி நாள்தான் வேலை. பொழுதுபோகாமல் தபாலில் மணிகள் வரவழைத்து, போனில் பார்த்துப் பார்த்து மாலை கோர்க்கத் தொடங்கினாள். கோர்ப்பது அழகாக வந்தது. ஆனால் கடையில் வாங்கிய கொக்கிகள் ஒரு வாரத்தில் கறுத்தன, அல்லது வாயைப் பிளந்துகொண்டன.

"அண்ணே, இதக் கொஞ்சம் பாரேன். கழுத்துல நிக்கவே மாட்டுது."

அவன் பழைய பிஸ்கட் டின்னிலிருந்து செப்புக் கம்பித் துண்டு ஒன்றை எடுத்தான். முனையை மடக்கி, இன்னொரு முறை மடக்கி, மடிப்பின் கழுத்தைச் சுற்றி நெருக்கமாக மூன்று சுற்று விட்டான். சுத்தியலால் மெல்லத் தட்டித் தட்டையாக்கினான். மலர் அதை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அலமாக், இது மாலைய விட நல்லா இருக்கே."

அப்படித்தான் ஆரம்பித்தது. முதலில் கொக்கி. பிறகு கம்பியில் இலை, கொடி, சுருள். ஒரு கல்லைச் சுற்றிக் கம்பியால் கூடு கட்டி, அதைத் தோடாக்கினான். மலர் "மலர் மணிமாலை" என்று முகநூலில் ஒரு பக்கம் திறந்து, தன் படத்தையே போட்டாள். ஆர்டர்கள் வந்தன. பக்கத்தைப் பார்த்த ஜஹானாரா என்ற பெண்மணி அவளைத் தேடிப்பிடித்து, "மணியும் கம்பியும்" என்ற வாட்ஸ்அப் குழுவில் சேர்த்தாள். ஜஹானாராவின் கணவர் ஸ்கூடாயில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். கடைக்கு மேலே உள்ள அறையில் அவள் மணிகளை மொத்தமாக வாங்கி இறக்கி, ஜோகூர் முழுக்க இருக்கும் பெண்களுக்குப் பிரித்துக் கொடுப்பாள். குளுவாங், கூலாய், பொந்தியான் என்று எங்கிருந்தெல்லாமோ பெண்கள் இருந்தார்கள். குழுவில் பெண்கள் மட்டும்தான் என்பது ஜஹானாரா முதல் நாளே போட்ட விதி.

எல்லாம் திறந்த பிறகு மலருக்குக் கல்யாணமானது. மாப்பிள்ளை வீடு பட்டர்வொர்த்தில். புறப்படும்போது முகநூல் விற்பனைக்கென்று வைத்திருந்த போனை மேசைமேல் வைத்தாள்.

"இத நீயே வச்சுக்க அண்ணே. ஆர்டர் வந்தா செஞ்சு அனுப்பு. குரூப்ல நான் போறேன்னு அப்புறமா சொல்லிக்கிறேன்."

சொல்ல அவளுக்கு நேரம் வரவில்லை. புது வீடு, மாமியார், பிறகு கர்ப்பம். போன் ரூபேந்திரனிடம் இருந்தது.

ஒருநாள் குழுவில் யாரோ கேட்டிருந்தார்கள்: கம்பியின் முனை முடியில் மாட்டி இழுக்கிறது, என்ன செய்வது? அவனுக்குப் பதில் தெரியும். வெட்டிய முனையை உள்பக்கமாகத் திருப்பி, குறட்டால் ஒரு முறை அமுக்கி, விரலால் தடவிப் பார்க்க வேண்டும். விரலில் தட்டினால் முடியிலும் தட்டும். அதை அப்படியே தட்டச்சு செய்து அனுப்பினான். "நன்றி மலர்க்கா" என்று பதில் வந்தது. ஒரு பூவும் வந்தது. அவன் அந்தப் பூவை இன்னொரு முறை பார்த்தான். நான் மலர் இல்லை என்று அன்று எழுதியிருக்கலாம். எழுதினால் அடுத்த நிமிடம் குழுவிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்பதும் தெரியும்.

தன் பெயரில் விற்கவும் முயன்று பார்த்தவன்தான். ஓர் இரவுச் சந்தையில் சின்ன மேசை போட்டு உட்கார்ந்தான். வந்தவர்கள் எல்லாரும், "வைஃப் வரலியா?" என்று கேட்டார்கள். ஒரு பெண் தோடு ஒன்றைக் காதருகே வைத்துக் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தாள். "நீங்களே செஞ்சதா?" என்றாள். ஆமாம் என்றதும் அவன் கைகளைப் பார்த்தாள். பெரிய கைகள், நகங்களில் செப்புக் கறை. தோட்டைத் திரும்ப வைத்துவிட்டுப் போனாள். அதன்பின் அவன் சந்தைக்குப் போகவில்லை. காலையில் ஒரு மோட்டார் சைக்கிள் உதிரிபாகக் கடையில் பொருள் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை. மத்தியானம் வீட்டுக்கு வந்தால் கம்பியும் போனும்.

குழுவில் பெரும்பாலும் யாரும் தட்டச்சு செய்வதில்லை. குரல் பதிவுதான். சமைத்துக்கொண்டே பேசுவார்கள், பிள்ளையை அதட்டிக்கொண்டே பேசுவார்கள். ஜஹானாரா சிரித்தால் பின்னணியில் கடைப் பாத்திரங்களும் சேர்ந்து சத்தம் போடும். அவன் போனை மேசையோரம் சாய்த்து வைத்து, ஒவ்வொன்றாக ஓடவிட்டு, கம்பி சுற்றுவான். மலர் போன பிறகு பேச்சுச் சத்தமே இல்லாமல் கிடந்த வீட்டில் மறுபடி மனிதக் குரல்கள் இருந்தன. அந்தரங்கமான பேச்சு வரும்போது பதிவை நிறுத்திவிடுவான். எல்லா முறையும் நிறுத்தினான் என்று சொல்ல முடியாது.

"மலர், ஒரு நாளாச்சும் வாய்ஸ் போடுங்களேன் லா," என்று ஜஹானாரா கேட்டாள். "உங்க குரல் எப்படி இருக்கும்னே தெரியலயே எங்களுக்கு."

நீண்ட நேரம் யோசித்து, "தொண்டையில பிரச்சனை ஜஹான்க்கா" என்று எழுதினான்.

அந்த ஒரு வரி போதுமானதாக இருந்தது. என்ன பிரச்சனை என்று கேட்டால் மனசு கஷ்டப்படும் என்று நினைத்து யாரும் கேட்கவில்லை. ஜஹானாரா தொழுகையில் துஆ கேட்பதாகச் சொன்னாள். ஒருத்தி முருகன் கோயிலில் அர்ச்சனை செய்தாள். காஹாங்கிலிருந்து ஷர்மினி என்ற பெண் ஒரு புட்டி அதிமதுரப் பொடியைத் தபாலில் அனுப்பினாள். வெந்நீரில் கலந்து தினமும் குடிக்க வேண்டும் என்று குறிப்பும் வைத்திருந்தாள். ரூபேந்திரன் அதைத் தூக்கிப் போடவில்லை. புட்டி தீரும்வரை தினமும் கலந்து குடித்தான்.

ஷர்மினிக்கு முப்பதுக்குள்தான் இருக்கும். கணவன் வேலு செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறான். காஹாங் ஊரிலிருந்து உள்ளே தள்ளி, சுற்றிலும் செம்பனையாக நிற்கும் ஒரு வீட்டில் பகல் முழுக்கத் தனியாக இருந்து, சின்னச் சின்ன மணிகளால் தொங்கட்டான் செய்வாள். அவளும் வேலுவும் ரொம்ப நாளாகக் காத்திருந்து ஒரு குழந்தை உண்டானது. ஐந்தாவது மாதத்தில் அது போய்விட்டது.

அதை அவள் குழுவில் சொல்லவில்லை. மலருக்கு மட்டும் தனியாக ஒரு பதிவு அனுப்பினாள்.

"அக்கா, ஜஹான்க்காகிட்ட சொன்னா துஆ கேக்கிறேன்னு எல்லாருக்கும் சொல்லிடுவாங்க. நல்ல மனசுதான். ஆனா என்னால இப்ப எல்லாருக்கும் பதில் சொல்ல முடியாதுக்கா. அவரு பாவம், எனக்கு முன்னாடி அழக்கூடாதுன்னு லோரிய எடுத்துட்டுப் போயிடுறாரு..." அதற்கு மேல் பேச்சு இல்லை. அழுகை மட்டும் பதிவாகியிருந்தது. நடுவில் வீட்டு வாசலில் கோழி கத்தும் சத்தம்.

அவன் குறட்டைக் கையில் பிடித்தபடியே இருந்தான். ஏதோ எழுதினான், அழித்தான். ஓர் ஆண் இதற்கு என்ன சொல்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. மலராக இருந்தால் என்ன சொல்வாள் என்றும் தெரியவில்லை. கடைசியில், "நான் இருக்கேன். எவ்வளவு நேரம் வேணும்னாலும் பேசு" என்று எழுதி அனுப்பினான்.

அன்றிலிருந்து மத்தியான வேளையில் அவள் பதிவு வரும். சில நாள் அழுகை, சில நாள் மாமியாரைப் பற்றி, சில நாள் எந்த மணிக்கு எந்த நிறம் சேரும் என்ற கேள்வி. அவன் சுருக்கமாகத்தான் எழுதுவான். ஆனால் எழுதுவான். காஹாங்கில் மழை என்றால் இங்கே வானத்தைப் பார்ப்பான். ஒருநாள் அவள் சிரித்துக்கொண்டே பேசிய பதிவு வந்தபோது, உதிரிபாகக் கடை முதலாளி, "என்ன ரூபன், லாட்டரி விழுந்துச்சா?" என்று கேட்டார். அவன் முகம் அப்படி இருந்திருக்கிறது.

மலர் போய் மூன்று வருடங்கள் ஆகியிருந்தன.

தீபாவளிச் சந்தையில் எல்லாரும் சேர்ந்து ஒரே கடை போடலாம் என்று ஜஹானாரா முடிவு செய்தாள். அதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை கடை மாடியில் எல்லாரும் சந்திக்க வேண்டும்; அவரவர் சாமானோடு வர வேண்டும். இதுபோன்ற சந்திப்புகளுக்கு முன்பு இரண்டு தடவை உடம்பு சரியில்லை என்று எழுதித் தப்பித்திருந்தான். இந்தத் தடவை ஷர்மினியின் பதிவு வந்தது.

"அக்கா, நான் வரேன். அவரு குளுவாங் வரைக்கும் கொண்டாந்து விடுறேன்னாரு. அங்கேர்ந்து பஸ். எனக்கு சந்தை, கடை எல்லாம் ரெண்டாவதுக்கா. உங்களப் பாக்கத்தான் வரேன். நீங்க பேச வேணாம். பக்கத்துல சும்மா உக்காந்திருந்தா போதும்."

அவன் பட்டர்வொர்த்துக்குப் போன் செய்தான். கதை முழுவதையும் கேட்டுவிட்டு மலர் கேட்டாள்:

"அவங்களுக்கு இன்னும் நீ யாருன்னு தெரியாதா?"

"தெரியாது. நீ ஒரு நாள் மட்டும் வந்துட்டுப் போயேன். டிக்கெட் நான் எடுக்கிறேன்."

"வந்து?"

"உக்காந்திரு. தொண்டை சரியில்லன்னு அவங்களுக்கே தெரியும்."

"அண்ணே," என்றாள் மலர். "அந்தப் பொண்ணு பிள்ளையப் பறிகொடுத்துட்டு அழுதது உன்கிட்ட. நான் போயி அவ கையப் புடிச்சுக்கிட்டு எனக்குத் தெரியும்னு தலையாட்டணுமா? என்னால முடியாது. நீ சொல்லிடு. எழுத வேணாம், நேர்ல போயி சொல்லு."

ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஒரு டப்பா நிறையக் கொக்கிகளை எடுத்துக்கொண்டு கிளம்பினான். என்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்தான். சிக்னலில் பக்கத்து மோட்டார் சைக்கிள்காரன் திரும்பிப் பார்த்தான்.

கடைக்குள் ரொட்டி தட்டும் சத்தம். கல்லாவுக்குப் பக்கத்தில் நின்றிருந்த ஜஹானாராவைக் குரலை வைத்தே கண்டுபிடித்தான். நினைத்திருந்ததை விடக் குள்ளம்.

"என்ன தம்பி, பார்சல் எடுக்கவா? ஆர்டர் நம்பர் சொல்லுங்க."

"இல்லக்கா. மலர்..."

"மலரா?" அவள் முகம் மலர்ந்துவிட்டது. "மலர் அனுப்பிச்சாங்களா? இருங்க, இருங்க. நீங்க அவங்க அண்ணனா? முகம் அப்படியே இருக்கே!"

"அண்ணன்தான்," என்றான். சொன்னது பொய்யில்லை. சொன்ன மறுநிமிடமே அது எவ்வளவு பெரிய பொய் என்பதும் அவனுக்குத் தெரிந்தது.

அவனை மாடிக்கு அழைத்துப் போனாள். நீள மேசையில் வெள்ளைத் துணி விரித்து, தட்டுத் தட்டாக மணிகள். பெண்கள் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். மலரின் அண்ணன் என்றதும் எல்லார் முகத்திலும் சிரிப்பு. மேசையின் தலைப்பக்கத்தில் மெத்தை போட்ட ஒரு நாற்காலியை மலருக்கென்று வைத்திருந்தார்கள். அதன் முன்னால் தேன் கலந்த வெந்நீர் ஒரு குடுவையில் மூடி வைக்கப்பட்டிருந்தது. அவனை அந்த நாற்காலியிலேயே உட்கார வைத்தார்கள்.

"தொண்டை இப்ப எப்படி இருக்குண்ணே?"

"டாக்டர் என்ன சொல்றாரு?"

"அக்கா கொக்கிய எப்படிச் சுத்துறாங்கன்னு நேர்ல பாக்கணும்னு இருந்தோம்ணே. போச்சு."

ஒவ்வொரு குரலையும் அவனுக்குத் தெரியும். முகங்கள்தான் புதிது. இந்தக் குரலுக்கு இந்த முகமா என்று ஒவ்வொன்றாகப் பொருத்திக்கொண்டிருந்தான். டீ கொண்டுவந்து வைத்தார்கள். டப்பாவைத் திறந்து கொக்கிகளைக் கொட்டியபோது கைகள் நீண்டன; ஆளாளுக்கு எடுத்துப் பார்த்தார்கள். இப்படியே எழுந்து போய்விடலாம் என்று நினைத்தான். மலருக்கு இன்னொரு நாள் உடம்பு மோசமாகலாம். இன்னொரு நாள் மலர் மெல்ல மெல்ல எழுதுவதை நிறுத்திவிடலாம். யாருக்கும் எந்தக் கஷ்டமும் இல்லை.

அப்போது ஷர்மினி வந்தாள். ஒல்லியாக, மஞ்சள் சுடிதாரில், பஸ்ஸில் வந்த களைப்போடு. வாசலில் நின்றபடியே அறை முழுக்கப் பார்த்தாள்.

"மலர்க்கா எங்க?"

"வரலமா. அவங்க அண்ணன் வந்திருக்காரு," என்றாள் ஜஹானாரா.

ஷர்மினியின் முகம் வாடியதை அவன் பார்த்தான். அவள் வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். பையிலிருந்து டிஷ்யூ தாளில் சுற்றிய ஒரு மாலையை எடுத்து அவன் முன்னால் வைத்துப் பிரித்துக் காட்டினாள். நீலமும் சாம்பலுமான பொடி மணிகள், நெருக்கமாக, பல இழைகளாக.

"அக்காகிட்டக் குடுத்துடுங்கண்ணே. அவங்க இல்லன்னா போன வருஷம் நான் என்ன ஆயிருப்பேனோ. அது என்னன்னு உங்களுக்குத் தெரியாது. தெரியவும் வேணாம். அக்கா யார்கிட்டயும் சொல்லியிருக்க மாட்டாங்க. உங்ககிட்டகூட."

அவன் மாலையைத் தொடவில்லை.

"ஷர்மினி," என்றான். "அது நான்தான்மா."

"எதுண்ணே?"

"மலர் கல்யாணமாகிப் போயி மூணு வருஷமாச்சு. குரூப்ல எழுதுறது நான்தான். உனக்கு எழுதுனதும் நான்தான். அவளுக்குத் தொண்டையெல்லாம் நல்லாத்தான் இருக்கு."

கோர்த்துக்கொண்டிருந்தவர்களின் கைகள் நின்றன. கீழே ரொட்டி தட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

"எல்லாத்தையும் கேட்டது நீங்களா?" ஷர்மினி கேட்டாள்.

"ஆமா."

"நான் அழுதேனே, அந்த வாய்ஸ்?"

"கேட்டேன்."

அவள் கத்தவில்லை. டிஷ்யூ தாளை மெல்ல மடித்து, மாலையைத் தன் பக்கம் இழுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். பிறகு அவன் இருந்த பக்கமே திரும்பவில்லை. கத்தியது லோஷினி என்ற இன்னொரு பெண்தான். "நாம பேசுனதெல்லாம் ஒரு ஆம்பள உக்காந்து கேட்டுக்கிட்டு இருந்திருக்கான்! மூணு வருஷம்!" யாரோ அவன் கொண்டுவந்த கொக்கிகளைக் கையால் ஒதுக்கித் தள்ளினார்கள். ஒன்றிரண்டு தரையில் விழுந்தன.

"தம்பி," என்றாள் ஜஹானாரா. அந்தக் குரலில் இப்போது சிரிப்பு இல்லை. "கீழ போங்க. இப்பவே போங்க."

அவன் எழுந்தான். மன்னிப்புக் கேட்க வாய் எடுத்தான். ஷர்மினியின் குனிந்த தலையைப் பார்த்ததும் படியிறங்கிவிட்டான். வீடு வந்து சேர்ந்தபோது குழு அவனை நீக்கியிருந்தது. ஷர்மினியின் பெயருக்குப் பக்கத்தில் இருந்த படமும் மறைந்துபோயிருந்தது.

அதற்கடுத்த நாட்கள் அவனுக்குக் கடினமாக இருந்தன. மத்தியானம் வீட்டுக்கு வந்து மேசையில் உட்கார்ந்ததும் கை தானாகப் போனைச் சாய்த்து வைக்கும். ஓடவிட ஒன்றும் இருக்காது. வானொலியைப் போட்டுப் பார்த்தான். அதில் யாரோ யாரிடமோ பேசினார்கள். அணைத்துவிட்டான். பழைய பதிவுகள் போனில் இருந்தன. கேட்கலாமா என்று நினைத்தான். கேட்க உரிமையில்லை என்று தோன்ற, உட்கார்ந்து ஒவ்வொன்றாக அழித்தான். ஷர்மினி சிரித்த அந்த ஒன்றில் விரல் சற்றுத் தயங்கியது. அதையும் அழித்தான்.

அவர்களுக்கு ஒரு மலர் அக்கா இல்லாமல் போனாள். தனக்கும் அவள் இல்லாமல் போனாள் என்பது அவனுக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் புரிந்தது. யாராவது அழுதால் என்ன எழுதுவது என்று அந்த அக்காவுக்குத் தெரிந்திருந்தது. ரூபேந்திரனுக்கு அது இன்னும் தெரியாது.

முகநூல் பக்கத்தின் பெயரைத் தன் பெயருக்கு மாற்றினான். மலரின் படத்தை எடுத்துவிட்டு, கைகள் கம்பியைப் பிடித்திருக்கும் ஒரு படத்தைப் போட்டான். "இவற்றைச் செய்வது நான்" என்று ஒரு வரி எழுதினான். பழைய வாடிக்கையாளர்கள் பலர் மெல்ல நின்றார்கள். சிலர் ஒன்றும் சொல்லாமல் தொடர்ந்து வாங்கினார்கள். தீபாவளிச் சந்தையில் ஜஹானாரா போட்ட கடையைச் சாலைக்கு எதிர்ப்புறம் நின்று பார்த்தான். விளக்கொளியில் மணிகள் மின்னின. கூட்டமும் நன்றாக இருந்தது. யாராவது திரும்பிப் பார்ப்பதற்குள் நகர்ந்துவிட்டான்.

பண்டிகைக்கு மலர் பிள்ளையோடு வந்தாள். "நான் ஜஹான்க்காகிட்டப் பேசுறேன்," என்றாள். வேண்டாம் என்றான். "அப்ப இப்படியே தனியா இருக்கப் போறியா?" என்று கேட்டாள். அவன் மருமகனுக்கு இட்லியைப் பிய்த்து ஊட்டிக்கொண்டிருந்தான்.

அடுத்த வருடம், சீனப் புத்தாண்டெல்லாம் கழிந்த பிறகு, ஒரு மத்தியானம் கதவு தட்டப்பட்டது. ஜஹானாரா மூன்று மாடி ஏறி மூச்சு வாங்க நின்றிருந்தாள். உள்ளே வரச் சொன்னான், வரவில்லை. அவன் நாற்காலியை எடுத்து வந்து வெளியே நடைபாதையில் போட்டான். அதில் உட்கார்ந்தாள்.

"கல்யாண ஆர்டர் ஒண்ணு வந்திருக்கு. மாலை கனம். கடைக் கொக்கி தாங்கல," என்றாள். "உங்ககிட்ட வாங்க வந்தேன். நான் மன்னிச்சுட்டேன்னு நினைச்சுக்காதீங்க."

"நினைக்கலக்கா."

"என் வீட்டுக்காரர்கிட்டச் சொல்லாதத எல்லாம் குரூப்ல சொல்லியிருக்கேன். உங்க முன்னாடி உக்கார்றதே ஒரு மாதிரியா இருக்கு."

"நான் சொல்லியிருக்கணும்."

"எப்ப?"

"முதல் நாளே."

"முதல் நாளே சொல்லியிருந்தா வெளிய அனுப்பியிருப்போம்."

"தெரியும்க்கா. அதான் சொல்லல."

ஜஹானாரா அவனை நிமிர்ந்து பார்த்தாள். முக்காட்டின் நுனியால் கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டாள். "எப்பத் தருவீங்க?" என்று கேட்டாள். வெள்ளிக்கிழமை என்றான்.

அதன்பிறகு அவ்வப்போது வந்தாள். எப்போதும் வெளியே நாற்காலியில்தான். பேச்சு கம்பியைப் பற்றி, மணியைப் பற்றி. குழுவைப் பற்றி அவளும் சொல்வதில்லை, அவனும் கேட்பதில்லை. ஒருநாள் மட்டும் கிளம்பும்போது, படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு, சொல்வதா வேண்டாமா என்பதுபோல் நின்றாள்.

"ஷர்மினிக்குப் பொண்ணு பொறந்திருக்கு. தாயும் பிள்ளையும் நல்லா இருக்காங்க."

அவள் போன பிறகு அவன் நடைபாதைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். கீழே சாலையில் கார்கள் நகர முடியாமல் வரிசையாக நின்றன. யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. மலருக்குப் போன் செய்தான். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று அவசரமாக வைத்துவிட்டாள். எதிர்வீட்டுக்காரர் கதவைப் பூட்டிக்கொண்டு வெளியே வந்தார். "என்ன, மழை வரும் போல," என்றார். "ஆமா," என்றான்.

அந்த வாரம் ஒரு குழந்தைக் கையளவுக்கு இரண்டு காப்புகள் கோர்த்தான். கண்ணேறு படாமலிருக்கக் கட்டும் கறுப்பு மணிகள், நடுவே ஒவ்வொரு வெள்ளை. கம்பியைத் தொடவே இல்லை. பிஞ்சுத் தோலில் அது கீறும். பருத்தி நூலை முறுக்கி, முடிச்சை மணிக்குள் மறைத்து வைத்தான். கொக்கி இல்லாமல் அவன் முடித்த முதல் வேலை அதுதான். ஜஹானாரா அடுத்த முறை வந்தபோது காகிதப் பொட்டலத்தை நீட்டினான்.

"யார் குடுத்ததுன்னு சொல்லவா?" என்று கேட்டாள்.

"என் பேரச் சொல்லுங்க. வாங்கலன்னா திருப்பிக் கொண்டாந்துடுங்க."

அவள் திருப்பிக் கொண்டுவரவில்லை. சில வாரம் கழித்து வந்தவள், வந்த காரியத்தையெல்லாம் பேசி முடித்த பிறகுதான் அந்தப் பேச்சை எடுத்தாள்.

"வாங்கிக்கிட்டா."

"பிள்ளைக்குப் போட்டாளா?"

"நான் இருக்கிற வரைக்கும் போடல. அலமாரியில வச்சா."

"ஒண்ணும் சொல்லலியா?"

"நல்லா இருக்காரான்னு கேட்டா," என்றாள் ஜஹானாரா. "இருக்காருன்னு சொன்னேன்."

அன்று அவன் வேலைக்கு உட்காரவில்லை. மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வடக்கே போனான். ரெங்கம் வந்ததும் நிறுத்தினான். இன்னும் போனால் குளுவாங். அங்கிருந்து திரும்பினால் ஷர்மினியின் ஊரான காஹாங்குக்குப் போகும் சாலை. அதற்கு மேல் போகவில்லை. பிறந்த ஊரில் இப்போது தெரிந்தவர்கள் யாரும் இல்லை. தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகள் இருந்த இடத்திலும் செம்பனை நட்டிருந்தார்கள். சாலையோரக் கடை ஒன்றில் பால் சேர்க்காத தே ஓ வாங்கி, மெதுவாகக் குடித்தான். கடைக்காரம்மா தொலைக்காட்சியைப் பார்த்தபடியே, "இன்னொண்ணு போடட்டுமா தம்பி?" என்றாள். போடுங்க என்றான்.